சண்டையில்லாத கிறிஸ்துமஸ்

உக்காருங்க தம்பி. அந்தப் பையைக் கொஞ்சம் கீழ தள்ளிட்டாப் போதும். ஜன்னல் சீட்டு உங்களதுதான், தெரியும். எங்க வீட்டம்மா இப்பந்தான் கண்ணசந்தா, அதான் எழுப்பல. நீங்க இந்தப் பக்கம் எதிர்ல உக்காந்துக்கிடுங்க. மதுரை வரைக்கும் இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. நான் ரயில்வே, பாத்துக்கிடுங்க. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன். பாதி சர்வீஸ் திருச்செந்தூர் லைன்லயே ஓடிப்போச்சு.

சென்னைக்குத்தான். சின்னவன் நாளைக்குக் காலைல நியூசிலாந்துக்குப் போறான். பெண்டாட்டி பிள்ளை எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போறான். அங்கேயே வேலை. இனி எப்ப வருவானோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அவன் மாமனார் வீடு பல்லாவரத்துல ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. ராத்திரி அங்க தங்கிட்டு, காலைல வழியனுப்பிட்டு வந்திருவோம்.

கொஞ்சம் மெதுவாப் பேசுதேன், அவ முழிச்சிரக்கூடாது. கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலருந்து அவளுக்குச் சரியா உறக்கமே கிடையாது. எங்கூடப் பேச்சும் குறைஞ்சுபோச்சு. நான் என்ன குத்தம் செஞ்சேன், நீங்களே சொல்லுங்க. இந்தக் கிறிஸ்துமஸ்ஸுக்கு எங்க வீட்ல சண்டையே கிடையாது. ஒரு குரல் உசரல. ஒரு தட்டு உடையல. இதுக்காக ஆகஸ்டு மாசத்துலருந்து மண்டையைக் கசக்கியிருக்கேன். பண்டிகை முடிஞ்சு போகும்போது ஒருத்தராவது, 'அப்பா, நல்லா நடத்தினீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? கிடையாது. ஒருத்தர் வாய்லருந்தும் வரல.

எனக்கு ரெண்டு பையனுவ. பெரியவன் தனசிங். வேலூர்ல பேங்கு மேனேஜர். சின்னவன் ஆல்வின், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. சின்னப் பிள்ளையில ரெண்டும் ஒரே பாய்ல படுத்த பிள்ளைய. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா மத்தவன் சோறு திங்கமாட்டான். அப்பிடிப்பட்ட பிள்ளைய மூணு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ்ல எலியும் பூனையுமா ஆயிட்டானுவ.

அன்னைக்குச் சின்னவன் கொஞ்சம் குடிச்சிருந்தான். அப்பம் அந்தப் பழக்கம் இருந்துச்சு, மறைச்சு என்ன ஆகப்போகுது. அவன் மாமனார் மாமியாரும் விருந்துக்கு வந்திருந்தாக. எல்லாரும் பிரியாணிக்கு உக்காந்தாச்சு, ஜெபமும் பண்ணியாச்சு. பெரியவனுக்கு வாய் சும்மா இருக்கல. குடிச்சிட்டு ஆலயத்துல வந்து நிக்கதுக்கு வெக்கமா இல்லையாலன்னு கேட்டுட்டான். அதுவும் சம்பந்திமாரு முன்னால. கேட்டது சரிதான், இடந்தான் தப்பு. சின்னவன் எச்சிக் கையோட எந்திரிச்சான். தட்டு ஒரு பக்கம் பறக்குது, பிள்ளைய அழுவுது, சம்பந்தி அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்காக. எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாதுன்னான் சின்னவன். ரொம்ப நல்லதுன்னான் பெரியவன். அன்னைக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவன் பெங்களூருக்கு வண்டி ஏறிட்டான். இவ, லீலா, அடுக்களைல விழுந்துட்டா. பிரசரு. அந்தப் புதுவருஷ ஆராதனைக்கு ஊரெல்லாம் ஆலயத்துல இருக்க, நாங்க ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்தோம்.

அன்னைலருந்து ஒரு வருஷம் இவன் வருவான், அடுத்த வருஷம் அவன் வருவான். சேந்து வாரது கிடையாது. இந்த வருஷந்தான் சின்னவன் வெளிநாடு போறான்னதும், ரெண்டு பேரும் வாரோம்னானுவ. லீலாவுக்குத் தரைல கால் பாவல. எனக்குத்தான் பயம். மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேசை. மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு. நான் என்ன செய்ய?

அந்த நேரத்துல பெரிய மருமக ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. பண்டிகை விடுமுறையைக் குடும்பத்தோட நிம்மதியாக் கழிக்கது எப்பிடின்னு ஒரு அம்மா பேசுதா. எல்லாத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டிருங்க, கடைசி நேரத்துல அடிச்சுப் புரளாதீங்க, மனஸ்தாபம் வரக்கூடிய இடத்தை முதல்லயே கண்டுபிடிச்சு விலக்கி வச்சிருங்கன்னா. அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு அப்பிடியே பிடிச்சிட்டு. ஏன்னா என் தொழிலே அதுதானே தம்பி.

ஒத்தை லைன்னா என்ன? இருக்கது ஒரே தண்டவாளம். அந்தப் பக்கத்துலருந்து ஒரு வண்டி வருது, இந்தப் பக்கத்துலருந்து ஒரு வண்டி வருது. ரெண்டையும் ஒரே நேரத்துல உள்ள விட்டா என்ன ஆகும்? அதனால ஒண்ணை நிறுத்தி வச்சிட்டு ஒண்ணை விடணும். நிக்கவன் கத்துவான், ஹார்ன் அடிப்பான், டிரைவர் எட்டிப் பாத்துத் திட்டுவான். நாம அசையக்கூடாது. சர்வீஸ் பூரா நான் அதைத்தான் செஞ்சேன், ஒரு தப்பு நடந்தது கிடையாது. வீட்டுக்கும் அதையே செஞ்சா என்னன்னு தோணிச்சு.

செஞ்சேன். பலகாரத்துக்கு ஆள் சொல்லியாச்சு, பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு. வீட்டுப் பொம்பளைய யாரும் அடுப்புப் பக்கம் நிக்க வேண்டாம், ரிலாக்ஸா இருக்கட்டும்னு. மாடி ரூமுக்கு ஏசி போட்டுப் பெரியவன் குடும்பத்துக்கு ஒதுக்கினேன். கீழ் ரூம் சின்னவனுக்கு. பெரியவன் காலைல வந்து இறங்கற மாதிரி டிக்கெட்டு, சின்னவன் சாயந்தரம் வந்து இறங்கற மாதிரி டிக்கெட்டு. சின்னவன் வார நேரத்துக்குப் பெரியவனைத் துணி எடுக்கன்னு கடைக்கு அனுப்பிட்டேன். அவன் கடைலருந்து வரும்போது, சின்னவனுக்கு அலுப்பா இருக்கும்னு சொல்லி அவனைப் படுக்க வச்சிட்டேன். முதல் நாள் சிக்கலில்லாம முடிஞ்சுது.

கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் பெரிய கண்டம். பெரியவன் குடும்பத்தை விடியக்கால ஆராதனைக்கு அனுப்பினேன். சின்னவனை, பிள்ளைக்குப் பனி ஆகாதுய்யான்னு சொல்லி ரெண்டாவது ஆராதனைக்கு அனுப்பினேன். சாப்பாடும் ரெண்டு பந்தி. சின்னவன் ஆலயத்துல இருக்கும்போது பெரியவன் சாப்பிட்டு முடிச்சிட்டான். அவனை அப்பிடியே கார்ல ஏத்தி நாசரேத்துல அவன் மாமனார் வீட்டுக்கு அனுப்பிட்டு, பிறகு சின்னவனை உக்கார வச்சேன். சண்டை எங்கருந்து வரும், சொல்லுங்க. லீலா ரெண்டு பந்திக்கும் பரிமாறினா. நீயும் ஒரு பந்தியில உக்காரேன்னேன். பசியில்லன்னுட்டா.

அவளுக்கு என் மேல முதல்லருந்தே கோவம். பிள்ளைய வந்த அன்னைக்கே கேட்டா. ரயில்வே கோட்டர்ஸ்ல எங்கூடவே இருந்து, சிக்னல் மணி கேட்டே அடுப்புல பால் வச்சவ அவ. அவளுக்கும் தொழில் தெரியும்.

"ஏங்க, கிராசிங்னா ரெண்டு வண்டியும் ஒரே ஸ்டேஷன்ல பக்கத்துல பக்கத்துல நிக்கத்தானே செய்யும்? இந்த வண்டி ஜன்னல்லருந்து அந்த வண்டி ஜன்னலுக்கு ஆளுக பேசிக்கிடுவாகல்லா?" அப்பிடின்னு கேட்டா.

அது வேற, இது வேறன்னேன். என்ன வேறன்னு கேட்டா. வேறதானே தம்பி? வண்டிக்கு வாய் கிடையாது.

இன்னொரு சங்கடம் கேளுங்க. பெரியவன் மக ஷைனி, சின்னவன் மகன் ரோஷன். ரெண்டும் ஒண்ணையொண்ணு சரியாப் பாத்தது கூடக் கிடையாது. ரெண்டாம் நாள் பாக்கேன், மாடிப்படிக்கு நடுவுல உக்காந்து, அவ படம் போடுதா, இவன் கலர் அடிக்கான். எந்நேரம் பழகிச்சோ தெரியல. பிள்ளைய வழியாத்தான் பேச்சு வளரும். ஷைனியைக் கூப்பிட்டு மேல டிவி போட்டுக் குடுத்தேன். ரோஷனைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வண்டி பாக்கப் போயிட்டேன். அவன் போற வழியெல்லாம் அக்காவும் வரட்டும் தாத்தா, அக்காவும் வரட்டும் தாத்தான்னு நச்சரிச்சான்.

பெரியவன் சும்மா இருந்தானா? இல்ல. வந்ததுலருந்தே தம்பி எங்கப்பா, தம்பி எங்கப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்கான். எதுக்குக் கேக்கான்? பழசை எடுக்கத்தான். ஒரு நாள் பொழுது சாயுத நேரம், கைல ரெண்டு தம்ளர் டீயோட மாடிலருந்து இறங்கி வாரான். நேரா சின்னவன் ரூமுக்கு. நல்லவேளை, நான் ஹால்ல நின்னேன். ஏய்யா, வாசல்ல கட்டின கிறிஸ்துமஸ் ஸ்டார்ல பல்பு போயிட்டு, கடை அடைக்கதுக்குள்ள வாங்கிட்டு வந்திருன்னு அனுப்பினேன். பல்பு நல்லாத்தான் எரிஞ்சுது. போகும்போது அந்த ரெண்டு தம்ளரையும் ஜன்னல்ல வச்சிட்டுப் போனான். ஆடை கட்டிப்போய்க் கிடந்துது, லீலாதான் எடுத்து ஊத்தினா.

சின்னவனும் லேசுப்பட்டவன் இல்ல. ஒரு மத்தியானம் பாதிப் படி ஏறிட்டான். என்னைப் பாத்ததும் அங்ஙனயே உக்காந்துட்டான். அண்ணன் என்ன செய்யுதான்னான். தூங்குதான்யா, எழுப்பாதன்னேன். சரிப்பான்னு சொல்லிட்டு அந்தப் படியிலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா முகம் வாட்டமா இருக்கேன்னு நாம இளகிட்டா வேலை கெட்டுப்போகும். மறுநாள் பெரியவனைக் குத்தாலத்துக்கு வண்டி பிடிச்சு அனுப்பினேன். சின்னவனை மணப்பாடு கடலுக்கு அனுப்பினேன். ரெண்டு குடும்பமும் நல்லாச் சுத்திப் பாத்துட்டு வந்து படுத்துது. இதைவிட ரிலாக்ஸா ஒரு விடுமுறையை யாரு குடுப்பா?

பெரியவன் கிளம்புத நாளு வந்துச்சு. அன்னைக்குக் காலைல லீலா என்ன செஞ்சிருக்கா, எனக்குத் தெரியாம சாப்பாட்டு மேசையில எல்லாருக்கும் சேத்து இலை போட்டிருக்கா. வாழை இலை. தோட்டத்துல அவளே போய் அறுத்துட்டு வந்திருக்கா. நான் அதுக்கு முன்னாலயே வண்டிக்கு நேரமாச்சு, வழியில சாப்பிட்டுக்கிடலாம்னு பெரியவன் குடும்பத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா இலை போட்டது போட்டபடி இருக்கு. அவ சேர்ல உக்காந்திருக்கா. திட்டியிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஸ்டேஷன்ல பெரியவன் எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? வண்டி வந்து நின்னாச்சு, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. அவன் மட்டும் கீழ நிக்கான்.

"அப்பா, இத்தனை நாளும் ஒரே வீட்ல இருந்தும் அவனுக்கு என் முகத்தைப் பாக்கப் பிடிக்கல. அன்னைக்கு நான் பேசினது தப்புதான். அதைச் சொல்லத்தான் வந்தேன். பரவாயில்ல, விடுங்க."

நான் ஏறுய்யா, வண்டி கிளம்பப் போகுதுன்னேன். கிளம்ப இன்னும் நேரம் கிடந்துது.

வீட்டுக்கு வந்தா சின்னவன் வாசல் முத்தத்துல நிக்கான். அண்ணன் போயிட்டானான்னான். போயிட்டான்யான்னேன். அவன் இன்னொரு தினுசாச் சொல்லுதான். அண்ணன் என்னைக் கண்டாலே விலகி விலகிப் போறான், நான் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு கூட அவனுக்குத் தெரியாதுப்பா, இனி தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னான். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அழுதானோ என்னவோ. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. என்ன சொல்ல? அவன் விலகல, நான்தான் விலக்கினேன்னு சொன்னா, அது மறுபடி ஒரு பேச்சா வளரும். இவன் அவனுக்குப் போன் போடுவான், அவன் பழசை எடுப்பான், இவன் கத்துவான். லீலா விழுவா. மனசுல இவ்வளவு வச்சுக்கிட்டு இருக்கானுவளே, இவனுவளை நேருக்கு நேர் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டுமா? உண்டா. பேசிக்கிடுவீங்களா? நல்லது.

எனக்குப் பேசிச் சமாதானம் பண்ணத் தெரியாது தம்பி. அதான் விஷயம். சில ஆளுகளுக்கு அது வாய்க்கும். தோள்ல கையைப் போட்டு, ஏய் என்னடா இதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாக, எல்லாம் சரியாப்போகும். எனக்கு அந்தக் கை எந்திரிக்காது. பிள்ளைய வளந்த காலத்துல பாதி நாள் நான் டூட்டி. அழுத பிள்ளையைத் தேத்துனது கூட அவதான். வண்டியை நிறுத்தத் தெரியும், விடத் தெரியும். வேற என்ன தெரியும் எனக்கு?

இப்பம் பாருங்க, மறுபடியும் ஒரு சிக்கல். இவ சும்மா இருக்காம பெரியவனுக்குப் போன் போட்டுக் குடுக்கச் சொன்னா. போட்டுக் குடுத்தேன். தம்பி போறான், நீ ஏர்போர்ட்டுக்கு வந்துருய்யான்னு ஒரே அழுகை. அவனும் சரின்னுட்டான். பிறகு எங்கிட்ட தனியாச் சொல்லுதான், நான் வாரேன்னு அவன்கிட்ட சொல்லாதீங்கப்பா, தெரிஞ்சா அவன் என்னைப் பாக்காமலே உள்ள போயிருவான்னு. இது எதுக்கு? திடீர்னு போய் நிக்கணும்னு பாக்கான். அத்தனை ஜனம் இருக்க இடத்துல, சம்பந்திமாரு முன்னால. எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் கண்ணுக்கு முன்னால வருது. எத்தனை மணிக்குப்பான்னு கேட்டான். ராத்திரி ஃப்ளைட்டுய்யா, மத்தியானமாக் கிளம்பினாப் போதும்னுட்டேன்.

ஆமா தம்பி. காலைலதான் ஃப்ளைட்டு. ராத்திரின்னு சொல்லிட்டேன்.

காலைல இவ அவனை எங்கன்னு கேப்பா. பஸ் கிடைக்கலையாம்னு சொல்லிருவேன். ராத்திரி அவன் வந்து நிப்பான். நான் நின்னு, ஃப்ளைட்டை முன்னாலயே மாத்திட்டானுவய்யான்னு சொல்லி, சாப்பாடு வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன். யாருக்கும் சங்கடம் இல்ல. ஒருத்தன் நல்லபடியா ஊர் போய்ச் சேருவான், ஒருத்தன் நல்லபடியா வீடு போய்ச் சேருவான். அப்பிடிப் பாக்காதீங்க. உங்க அப்பாவா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாரு.

ஒரு நிமிசம், போனு. அவன்தான்.

ஆங், சொல்லுய்யா. ரயில்லதான். அம்மா தூங்குதா. ஆமாய்யா, ராத்திரிதான், சொன்னேம்லா. யாரு, ஷைனியுமா? பள்ளிக்கூடம் இல்லையா அவளுக்கு? லீவு போட்டாச்சா. சரி. தம்பி மகனுக்குப் படம் போட்டு வச்சிருக்காளா. சரிய்யா, கூட்டிட்டு வா. என்னது? அது நான் எப்பிடிய்யா சொல்ல? நீயே பாத்துக்கிடு. சரி வையி, சிக்னல் விட்டு விட்டு வருது.

நல்லாத்தான் கேட்டுது. பேச்சு வளரும்னுதான் வச்சேன். என்ன கேக்கான் தெரியுமா தம்பி, அவன்கிட்ட முதல்ல என்ன பேசட்டும்பான்னு எங்கிட்ட கேக்கான். பேங்கு மேனேஜரு. அவனுக்குக் கீழ எத்தனை பேரு. எங்கிட்டப் போய்க் கேக்கான். எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி இப்பிடி அலையுதேன்.

என்ன லீலா, முழிச்சிட்டியா? ஒண்ணுமில்ல, இந்தத் தம்பிகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்தேன். ஆமா, பெரியவன்தான் பேசினான். வாரான், வாரான். காலைலன்னு சொல்லிட்டேன். வெள்ளனவே வந்திருவேன்னுட்டான். ஷைனியும் வாராளாம். ஆமாம்மா, நல்லாக் கேட்டுட்டேன். நீ முகத்தைக் கழுவு.

சிரிக்கா பாத்தீங்களா. கிறிஸ்துமஸ்ஸுக்குப் பிறகு இப்பந்தான் சிரிக்கா. அந்த டப்பாவைத் திறக்கா, உங்களுக்குத்தான். முந்திரிக்கொத்து. ஏர்போர்ட்டுல ரெண்டு மகனுவளையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு அவ கையால குடுக்கணுமாம், நேத்துப் பூரா அடுப்படியிலயே நின்னு சுட்டா. கூச்சப்படாம வாங்கிக்கிடுங்க தம்பி. இன்னொண்ணு எடுங்க. வண்டிச் சத்தத்துல நான் பேசுதது அவளுக்குக் கேக்காது. நல்லா எடுங்க, எப்பிடியும் மிஞ்சத்தான் போகுது.